ஆடும் நாற்காலிக்கு ஆணி வேண்டாம்

கேள்வி: சாப்பாட்டு மேசை நாற்காலியின் பின்கால் ஆடியது. ஆணி அடித்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. இப்போது முன்பைவிட மோசம். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஆணியைப் பிடுங்கிவிடுங்கள். பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடம்தான் நாற்காலியில் முதலில் தளரும். சாய்ந்து உட்காரும்போதெல்லாம் பாரம் அங்கேதான் நெம்புகிறது. சட்டத்தின் நுனியில் நாக்குபோல் நீட்டிச் செதுக்கிய கழுந்து, காலில் உள்ள துளைக்குள் பசையோடு இறுகியிருக்கும். மரம் ஈரக்காற்றில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆண்டுகள் போகப்போகப் பசை விட்டுவிடுகிறது. ஆணி அந்த அசைவை நிறுத்தாது, கழுந்தைத்தான் பிளக்கும்.

மூட்டைக் கழற்றத்தான் வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் பென்சிலால் ஒரே எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எல்லாச் சட்டமும் ஒன்றுபோலவே தெரியும். துணியை வைத்து, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள்.

அடுத்து, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். வீட்டுப் பழுதுபார்ப்பு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புதுப் பசை மரத்தில் ஊறினால்தான் பிடிக்கும். காய்ந்த பசைமேல் பூசினால் உரிந்து வரும். மரத்தைச் சீவிவிடாமல் கவனமாகச் சுரண்டுங்கள். மிகப் பழைய நாற்காலி என்றால் அந்தப் பழைய பசை வச்சிரமாக, அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசையாக இருக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்தால் இளகும்.

பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் மெல்லிய மரச்சீவலைக் கழுந்தில் ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து அளவாக்குங்கள். மரம் ஒட்டும் வெள்ளைப் பசையால் பெரிய இடைவெளியை அடைக்க முடியாது. பிறகு துளை, கழுந்து இரண்டிலும் பசை பூசிச் சேருங்கள். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையா? கயிற்றை இரட்டையாகச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள், அருமையாக இறுகும். கயிறு படும் இடத்தில் துணி வையுங்கள். வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். நான்கு காலும் சமமாகத் தரையில் படுகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

கேள்வி: மூட்டில் தண்ணீர் விட்டால் இறுகிவிடும் என்கிறார்களே?

பதில்: இறுகும், காயும்வரை. உப்பிய கழுந்து துளைச் சுவரில் மோதி நசுங்கும். காய்ந்தால் முன்பைவிடச் சிறுத்துவிடும். வேண்டாம்.

கேள்வி: முன்கால் நடுவில் முறிந்துவிட்டது. ஒட்டினால் தாங்குமா?

பதில்: முறிந்த விதத்தைப் பாருங்கள். மரத்தின் ரேகையோடு நீளச் சாய்வாகப் பிளந்திருந்தால் ஒட்டும் பரப்பு அதிகம். நீட்டிக்கொண்டிருக்கும் சிலாம்புகளை (மரச் சில்லுகளை) ஒடிக்காமல் பசை பூசி இறுக்கிக் கட்டினால் நன்றாகவே நிற்கும். குறுக்கே மளுக்கென்று ஒடிந்திருந்தால் பசை மட்டும் போதாது. இரு துண்டிலும் நேராகத் துளை போட்டு உள்ளே மர ஆணி (உருண்டையான மரக்குச்சி) கொடுக்க வேண்டும். அந்தத் துளை ஒரே கோட்டில் அமைவது கடினம்; கை பழகாதவர் தச்சரிடம் கொடுத்துப் புதுக்கால் போடுவதே நல்லது. முதியவர்கள் உட்காரும் நாற்காலி என்றால் இதில் துணிச்சல் காட்டாதீர்கள்.

கேள்வி: சில நொடியில் ஒட்டும் பசை போதாதா?

பதில்: சிறு சிலாம்பு ஒட்டப் போதும். மூட்டுக்கு ஆகாது, காய்ந்தால் நொறுங்கும் தன்மை அதற்கு, அதிர்ச்சி தாங்காது.

கேள்வி: பிரம்பு பின்னிய இருக்கை தொய்ந்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

பதில்: இழை எதுவும் அறுந்திருக்காவிட்டால் பொறுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். மேற்பக்கம் வழவழப்பானது, நீரை எளிதில் உறிஞ்சாது; அதனால்தான் கவிழ்க்கச் சொல்கிறேன். மரச்சட்டத்தை நனைக்காதீர்கள். நிழலில் முழுதும் காயும்போது பிரம்பு சுருங்கித் தானே விறைத்துக்கொள்ளும். இழை அறுந்திருந்தால் மட்டும் புதிதாகப் பின்னக் கொடுங்கள்.