எடை மெஷினும் ஒரு நோட்டும் போதும்

உணவு ஆலோசகர் பதில்கள்

எடைக் குறைப்பு பற்றிச் சென்ற இதழில் எழுதியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: என் உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவழிக்கிறது? இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

வணக்கம் மேடம். எனக்கு 38 வயது. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. அரசுப் பள்ளி ஆசிரியை. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் தினமும் 2,300 கலோரிக்கு மேல் செலவாவதாகக் காட்டுகிறது. போனில் இருக்கும் ஆப் 1,875 என்கிறது. நான் 1,800 கலோரிதான் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக எடை அசையவே இல்லை. எதை நம்புவது?
– வாசகி, பொள்ளாச்சி

‘எடை அசையவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்புங்கள். இரண்டு மாதம் எடை ஒரே இடத்தில் நின்றால், உள்ளே போவதும் வெளியே போவதும் சமம் என்று அர்த்தம். நீங்கள் சாப்பிடுவது உண்மையிலேயே 1,800 என்றால் உங்கள் செலவும் 1,800-தான். வாட்ச் சொல்வதுபோல 2,300 செலவாகியிருந்தால் இதற்குள் நீங்கள் மூன்று, நான்கு கிலோ குறைந்திருக்க வேண்டும்.

வாட்ச் கலோரியை அளப்பதில்லை. நாடித் துடிப்பையும் கை அசைவையும் அளந்து, அதிலிருந்து கலோரியை ஊகிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே கணித்தன. கலோரியில் எல்லாமே கோட்டைவிட்டன. இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். உங்கள் வேலையை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் வெயிலில், காற்றாடி ஓடாத வகுப்பறையில் நின்றுகொண்டு கரும்பலகையில் எழுதுகிறீர்கள். வெக்கையில் நாடி ஏறுகிறது, கை ஓயாமல் அசைகிறது. வாட்ச் அதை உடற்பயிற்சியாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஆப் சொன்ன 1,875 எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். நீங்கள் கொடுத்த விவரங்களை 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டில் போட்டால் அப்படியே வருகிறது. எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, பெண்களுக்கு இன்னும் 161 கழிக்க வேண்டும். ஆண்களுக்கு அந்த 161-ஐக் கழிக்காமல் 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு 1,364 வருகிறது. ஒன்றும் செய்யாமல் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் மூளை, இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் வேலை செய்ய ஆகும் செலவு இது. இதை ஆப் 1.375-ஆல் பெருக்கியிருக்கிறது. ‘லேசான உழைப்பு’ என்ற கட்டத்தை நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ‘உட்கார்ந்த வேலை’ என்ற கட்டத்தைத் தொட்டிருந்தால் 1.2-ஆல் பெருக்கி 1,637 என்று சொல்லியிருக்கும். ஒரு கட்டம் மாறினால் 240 கலோரி மாறுகிறது. ஒரு வேளைச் சிற்றுண்டியே அவ்வளவுதானே!

இன்னொன்று. அந்தச் சமன்பாடு அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவாக்கியது. ஒரே எடையுள்ள இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் ஒப்பிட்டால் நம்மிடம் தசை கொஞ்சம் குறைவு, கொழுப்பு கொஞ்சம் அதிகம். சும்மா இருக்கும்போது தசை செலவழிக்கும் அளவு கொழுப்பு செலவழிக்காது. சர்வதேசச் சமன்பாடுகள் நம்மவர்களுக்குச் சற்று அதிகமாகவே காட்டுகின்றன என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் ஒரு நாள் தேவை 1,660 கலோரி. அதே வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு 2,110.

துல்லியமாக அளக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எடை கூடிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, சில நாள் சிறுநீரைச் சோதிப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும், மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வித்தியாசம், உடம்பு எவ்வளவு எரித்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1950-களில் விலங்குகளில் தொடங்கி 1982-இல் மனிதர்களுக்கு வந்த முறை இது. அருமையான முறை, ஆனால் அந்தத் தண்ணீர் மிக விலை கூடியது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே எளிதில் கிடைக்காது.

வீட்டில் நமக்கு இருப்பது எடை மெஷின். அதை வைத்து இப்படிச் செய்யுங்கள். நாலு வாரம், இப்போது சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டு, வாயில் போவது ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். தினமும் காலையில் கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன்னால் எடை பாருங்கள். ஒரு நாள் எடையைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். முந்தின நாள் கல்யாணச் சாப்பாடோ கருவாட்டுக் குழம்போ இருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து ஒரு கிலோ கூட்டிக் காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். அதனால்தான் பெண்களுக்கு ஒரு முழு மாதச் சுற்று வேண்டும் என்கிறேன். முதல் வாரச் சராசரி எடையையும் கடைசி வாரச் சராசரி எடையையும் ஒப்பிடுங்கள்.

அப்புறம் கணக்கு சுலபம். உடம்பில் ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். உதாரணமாக, ஒருவர் தினம் சராசரி 1,700 சாப்பிட்டு, அந்த இரண்டு சராசரிகளுக்கு நடுவே உள்ள 21 நாளில் 0.6 கிலோ குறைந்தார் என்று வைத்துக்கொள்வோம். 0.6-ஐ 7,700-ஆல் பெருக்கினால் 4,620. அதை 21-ஆல் வகுத்தால் 220. அதாவது, சாப்பிட்ட 1,700-க்கு மேல் தினம் 220 உடம்பிலிருந்து போயிருக்கிறது. அவருடைய செலவு 1,920. எடை கூடியிருந்தால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்.

இந்த முறையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், எழுதுவதில் நாம் செய்யும் தவறு இதில் தானாகவே சரியாகிவிடும். எல்லோருமே குறைத்துத்தான் எழுதுகிறோம். 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், எவ்வளவு முயன்றும் எடை குறையாதவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொன்னது தெரியவந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் அளவு அப்படி ஏமாற்றும். நீங்கள் உண்மையில் 2,000 சாப்பிட்டு 1,800 என்று எழுதுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் நோட்டுக் கணக்குப்படி செலவும் 1,800 என்றுதான் வரும். அதே கரண்டியில், அதே பழக்கத்தில் எழுதி 1,500-க்கு இறக்கினால் எடை குறையத்தான் செய்யும். வாட்ச்சின் எண்ணை எடுத்து நோட்டின் எண்ணோடு மோதவிடும்போதுதான் குழப்பம் வருகிறது.

அந்தக் கரண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் என்னிடம் வருபவர்களை, வீட்டில் சோறு பரிமாறும் கரண்டியையே கொண்டுவரச் சொல்வேன். என் மேஜையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் ஒரு பாத்திரம் சோறும் இருக்கும். வழக்கமாகப் போட்டுக்கொள்வதுபோல ஒரு கரண்டி எடுத்து வையுங்கள் என்பேன். ஒருவர் கரண்டியில் 80 கிராம் நிற்கும், இன்னொருவர் கரண்டியில் 150 கிராம். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி. இரண்டு பேருமே நோட்டில் ‘மூன்று கரண்டி’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

எண்ணெயைத் தட்டில் வைத்து அளக்க முடியாது. அதை மாதக் கணக்கில் பிடியுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் கிட்டத்தட்ட 8,200 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் தீர்கிறது என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி எண்ணெயில் மட்டும் போகிறது. தேங்காய்ச் சட்னியும் எழுத மறந்துபோகும் பொருள். நூறு கிராம் தேங்காயில் 350 கலோரி.

உங்கள் எண் 1,800 என்றே முடிவானால் 1,500-க்கு இறங்குங்கள். மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே குறையும். 1,200-க்குக் கீழே நீங்களாகப் போக வேண்டாம். சோர்வு, முடி கொட்டுதல், மலச்சிக்கல் இருந்தால் தைராய்டு பரிசோதனையும் ஒரு தடவை செய்துகொள்ளுங்கள்.

எனக்கு 52 வயது, எடை 80 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினம் காலையில் ஒரு மணி நேரத்தில் 5 கி.மீ. நடக்கிறேன். போன் 400 கலோரி என்று காட்டுகிறது. அந்த 400-ஐச் சேர்த்துச் சாப்பிடலாமா?
– வாசகர், சிவகாசி

வேண்டாம் சார். அந்த வேகத்தில் 80 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் மொத்தம் 280 கலோரி போல ஆகும். அதில் 80, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்திருந்தாலும் ஆகியிருக்கும். நடையால் கூடுதலாகப் போனது 200 அளவுதான். கடை வடை ஒன்றே 100 கலோரியைத் தாண்டும். ஆப்பில் உழைப்புக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நடையையும் கணக்கில் சேர்த்திருந்தால், அதே 200-ஐ இரண்டாம் முறை எழுதுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் நடையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது செய்யும் நன்மையைக் கலோரியில் எழுத முடியாது. சில சர்க்கரை மாத்திரைகளில், சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல் வந்தால் அதுதான். சாப்பாட்டின் அளவைக் குறைப்பதற்கு முன் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

85 கிலோவிலிருந்து 73-க்கு வந்தேன். அதே சாப்பாடு, அதே ஜிம். இப்போது எடை நின்றுவிட்டது. என்ன தவறு செய்கிறேன்?
– வாசகர், ஓசூர்

தவறு ஒன்றும் இல்லை தம்பி. 85 கிலோ உடம்புக்குப் பற்றாக்குறையாக இருந்த சாப்பாடு, 73 கிலோ உடம்புக்குச் சரியான சாப்பாடாகிவிட்டது. முதல் பதிலில் சொன்ன சமன்பாட்டையே பாருங்கள். 12 கிலோ குறைந்ததில் ஓய்வுச் செலவு மட்டும் 120 இறங்கியிருக்கும். நடந்தாலும் படி ஏறினாலும் தூக்குகிற சுமை 12 கிலோ குறைவு, அந்தச் செலவும் குறையும். அதற்கு மேலும் உடம்பு தானாகச் சிக்கனம் பிடிக்கும். பற்றாக்குறையில் இருக்கும்போது நமக்கே தெரியாமல் அதிகம் உட்காருகிறோம், கை காலை ஆட்டுவதுகூடக் குறைந்துபோகிறது.

அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்டவர்களை ஆறு ஆண்டு கழித்து அளந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் ஓய்வுச் செலவு, அந்த உடம்புக்கு எதிர்பார்க்கும் அளவைவிடத் தினம் 500 கலோரி போலக் குறைவாக இருந்தது. அவர்கள் சில மாதங்களில் மிகக் கடுமையாக இறக்கியவர்கள். உங்களுக்கு அவ்வளவு இருக்காது. பட்டினி கிடந்து இறக்குவதை நான் எதிர்ப்பதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

நாலு வார நோட்டை மறுபடி போடுங்கள். புதிய எண் கிடைத்ததும் 300 கழியுங்கள். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். ஜிம்மில் எடை தூக்குவதை விடாதீர்கள், தசை கரையாமல் அதுதான் காக்கும். அலுப்பாக இருந்தால் இரண்டு மாதம் 73-லேயே நின்று, பிறகு தொடங்குங்கள். 12 கிலோவை இறக்கிவிட்டுக் கூடாமல் காப்பதே பெரிய வேலை, அதை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நாற்பது வயதானால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

இல்லை. மெட்டபாலிசம் என்று அவர்கள் சொல்வது உடம்பின் கலோரிச் செலவைத்தான். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களிடம் அளந்த அந்தச் செலவுக் கணக்குகளைச் சேர்த்து 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. உடம்பின் அளவையும் தசையையும் கழித்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம்போல இறங்குகிறது. நாற்பதில் குறைவது பெரும்பாலும் நடமாட்டமும் தசையும்தான். இரண்டையும் திரும்பக் கொண்டுவரலாம்.

குழந்தைக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன். பிரசவத்தில் ஏறிய எடையைக் குறைக்க ஆப்பில் கணக்குப் போட்டேன். 1,400 கலோரி சாப்பிடச் சொல்கிறது. தொடங்கட்டுமா அக்கா?
– வாசகி, ராமநாதபுரம்

தொடங்காதேம்மா. நீ பால் கொடுப்பதைக் கேட்டு வாங்கிக் கணக்கில் சேர்க்கும் ஆப்களும் உண்டு, கேட்காத ஆப்களும் உண்டு. 1,400 என்பதைப் பார்த்தால் உன்னுடையது கேட்டதாகத் தெரியவில்லை. முதல் ஆறு மாதம் பால் சுரக்கவே தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். சொல்கிறது, அடுத்த ஆறு மாதத்துக்கு 520. அதில் ஒரு பங்கை உன் உடம்பின் கொழுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் வயிறு நிறைய, ஆனால் வறுத்தது, பொரித்தது, இனிப்பு குறைத்துச் சாப்பிட்டாலே மாதம் அரை கிலோ, ஒரு கிலோ என்று மெதுவாக இறங்கும். மீன் குழம்பு, கீரை, முருங்கைக்காய் சாம்பார், பால், முட்டை எதையும் நிறுத்தாதே. பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் விடாதே. குழந்தை திட உணவுக்கு நன்றாகப் பழகி, பால் குடிப்பது குறைந்த பிறகு எனக்கு எழுது. உன் உயரம், எடை இரண்டையும் சேர்த்து எழுது, அப்போது கணக்குப் போடலாம்.