பாட்டன் பிறந்த இடம்

வணக்கம் ஐயா,

நான் பிறந்தது நீலகிரியில் பந்தலூர் பக்கம், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் குடியிருப்பில். இப்போது கோவையில் வேலை. தாத்தா 1970களில் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்பாயியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர். அப்பா அப்போது சின்னப் பையன். "நமக்குப் பூர்வீகம் துறையூர் பக்கம்" என்று தாத்தா சொல்வாராம். ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் மொரீஷியஸ்காரர் ஒருவர் போன வருஷம் தன் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். எண், கப்பல், கிராமம் எல்லாம் இருக்கிறது, போட்டோகூட. செல்போனில் காட்டினார். பொறாமையாக இருந்தது. எங்களுக்கும் அந்த மாதிரி எங்காவது ஒரு பதிவேடு இருக்குமா? டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் ஊர் தெரியுமா?

இன்னொன்று. அப்பாவிடம் கேட்டால் எரிந்து விழுகிறார். "பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? சிலோன்காரன் சிலோன்காரன்னு இங்க கேட்டது போதாதா?" என்கிறார். நான் கேட்பது தப்பா?

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் மொரீஷியஸ் நண்பருக்குக் கிடைத்த மாதிரி பதிவேடு உங்களுக்குக் கிடைக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத ஏட்டைத் தேடி அலைந்து சலித்துப்போய், இருக்கிற காகிதங்களையும் பார்க்காமல் விட்டவர்கள் நிறைய.

மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அரசாங்கம் நேரடியாக நடத்திய ஆள் ஏற்றுமதி அது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் போனார்கள். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் என்ன தழும்பு என்பதுவரை எழுதி வைத்தார்கள். பாசத்தினால் எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போகும் செலவுக்குக் கணக்கு வேண்டும். மொரீஷியஸில் 1860களிலிருந்து போட்டோவும் எடுத்தார்கள். அந்த ஏடுகள் மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. உங்கள் நண்பர் அங்கேதான் போயிருப்பார்.

இலங்கைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. கண்ணுக்கெட்டிய அக்கரைதானே. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார், சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஒரு கூட்டத்தைச் சேர்ப்பார், தோணி ஏற்றி மன்னார்ப் பக்கம் இறக்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடத்திக்கொண்டு போவார். காப்பிக் காலத்தில் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பினார்கள், மறுபடி போனார்கள். "எங்கள் பாட்டன் எந்த வருஷம் சிலோனுக்குப் போனார்?" என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறையில் ஒரே பதில் இல்லாமலும் இருக்கலாம். 1869-இல் காப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது. இருபது வருஷத்துக்குள் காப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலையில் வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குடும்பம் குடும்பமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கிப்போனார்கள்.

இந்தப் போக்குவரத்தில் கூலி ஆளின் பெயர் ஏறிய இடம் பெரும்பாலும் கங்காணியின் கடன் கணக்கு. 'துண்டு' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டிவிட்டால் அனுப்பிவிடுகிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921-இல் அதை ஒழித்தார்கள். கழுத்தில் மாட்டிவிட்ட தகரவில்லையில் போகிற தோட்டத்துக்கு எண் இருந்தது, வந்த ஊருக்கு எதுவும் இல்லை.

அப்படியானால் உங்கள் குடும்பத்தைப் பற்றி யார் எழுதி வைத்தார்கள்? பின்னால் வந்த இரண்டு அரசாங்கங்கள். வேண்டாம் என்று தள்ளுவதற்காக எழுதினார்கள்.

1948 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவரிடம் கேட்டது இது: உன் அப்பா இலங்கையில் பிறந்தாரா? இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தார்களா? காட்டு. தனக்கே பிறப்புச் சான்று இல்லாத தோட்டத்து ஆள் பூட்டனுக்கு எங்கே போவார்? அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கென்று தனிச் சட்டம் ஒன்று வந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக, கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் குடியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. உங்கள் பூட்டனார் அந்த எட்டு லட்சத்தில் ஒருவராக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த மனுவின் நகலோ நிராகரித்த கடிதமோ சொந்தக்காரர் யார் வீட்டுத் தகரப் பெட்டியிலாவது கிடக்கலாம்.

இன்னொரு காகிதமும் உண்டு, பலர் கையில் வைத்துக்கொண்டே படிக்காதது: இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். நண்பர் ஒருவர் தன் அத்தையின் சான்றிதழை எனக்குக் காட்டினார். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டி, டேப்பும் பழுத்துப்போனது. தகப்பன், தாய் விவரங்களுக்குக் கீழே ஒரு கட்டம்: பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம். அதற்கும் கீழே பூட்டனாருக்கு ஒரு கட்டம். குடியுரிமைச் சட்டத்தின் கேள்வி அப்படியே குழந்தையின் சான்றிதழில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நண்பரின் அத்தைக்குப் பாட்டன் கட்டத்தில் பெயரும் ஒரு தோட்டமும் வருஷமும் இருந்தன. பூட்டன் கட்டத்தில் ஒரு கோடு. அந்தப் பாட்டன் பெயரை நண்பர் வாழ்க்கையில் முதல்முறையாக அங்கேதான் பார்த்தார்.

ஆனால் பார்த்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்தியாவும் ஒரு கேள்வி வைத்திருந்தது. நம் அரசியல் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி, வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தில் இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ள அவரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பழைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். இலங்கைக் கவுண்டரில் "தாத்தா இலங்கையில் பிறந்தார்" என்றால் பிழைக்கலாம், இந்தியக் கவுண்டரில் "தாத்தா இந்தியாவில் பிறந்தார்" என்றால் பிழைக்கலாம். ஒரே தாத்தாவுக்கு ஒரு காகிதத்தில் தலவாக்கலையும் இன்னொன்றில் திருச்சி ஜில்லாவும் பிறந்த இடமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன், குற்றமும் சொல்ல மாட்டேன். எந்தக் காகிதம் எதற்காக எழுதப்பட்டது, எந்த வருஷம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு இரண்டையும் வையுங்கள்.

உங்கள் அப்பாவின் கோபமும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்கு "உங்க தாத்தா எந்த ஊர்?" என்பது கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வி. அவர் வளர்ந்த வீட்டில் அது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கேட்ட கேள்வி. பதில் தப்பினால் நாடு போச்சு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஒரே லயத்துக் காம்பிராவில் (அறையில்) விழுந்தது. மலைநாட்டிலிருந்து ஆட்களைத் கப்பல் ஏறுவதற்காகத் தலைமன்னாருக்கு ஏற்றிப் போன ரயிலை 'அழுகைக் கோச்சி' என்றார்கள். உங்கள் அப்பா அதில் வந்தவர். அங்கே 'கள்ளத்தோணி' (திருட்டுத்தனமாக வந்தவன்) என்ற வசை, இங்கே 'சிலோன்காரன்'. கிளறாதே என்று அவர் சொல்வதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நீங்கள் கேட்பதும் தப்பில்லை. அவரிடம் பூர்வீகத்தைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக் களம் எங்கே இருந்தது, லயத்துக்குப் பக்கத்தில் எந்தக் கோயில், யாரோடு விளையாடினீர்கள் என்று கேளுங்கள். பேசுவார்.

அப்படிப் பேசும்போது தோட்டத்துப் பெயரைக் கவனித்து வாங்குங்கள். ஹட்டன் பக்கம் என்றால் போதாது. ஆவணத்தில் தோட்டத்துக்கு இங்கிலீஷ் பெயர் இருக்கும், ஜனங்கள் வாயில் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. கொழும்பில் அந்தக் காலத்தில் அச்சான பெர்குசன் டைரக்டரியில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் உண்டு. தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல்கணக்கா கீழ்க்கணக்கா, கங்காணி பெயர் என்ன என்பதும் வேண்டும். ஒரே கங்காணியின் கீழ் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்ப் பக்கத்தார். உங்கள் வீட்டில் மறந்த ஊர்ப் பெயரைப் பக்கத்து வீட்டுப் பேரன் ஞாபகம் வைத்திருக்கலாம். வந்த குடும்பங்களுக்குத் தந்த குடும்ப அட்டையும் வீட்டில் எங்காவது இருக்கும், தேடுங்கள்.

டி.என்.ஏ. பற்றி: அது ஊர்ப் பெயர் சொல்லாது. உங்களைப் போலப் பரிசோதித்துக்கொண்ட தூரத்துச் சொந்தக்காரர் இருந்தால் காட்டும். துறையூர்ப் பக்கம் எத்தனை பேர் எச்சில் துப்பி அனுப்பியிருப்பார்கள்? அந்தக் காசில் கொழும்புக்கு ஒரு டிக்கெட் போடலாம்.

துறையூருக்குப் போவதாக இருந்தால் குலதெய்வத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். அங்கே லயத்துப் பக்கத்தில் கல் நட்டுக் கும்பிட்டது எந்தச் சாமி, கிடா வெட்டா பொங்கலா, எந்த மாதம், வகையறாப் பெயர் என்ன? கோயில் பூசாரிக்கும் பங்காளிகளுக்கும் தாலுகா ஆபீஸைவிட இதில் ஞாபகம் அதிகம். "திருச்சி ஜில்லா" என்று பழைய காகிதத்தில் இருந்தால் இன்றைய பெரம்பலூர், அரியலூரையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் ஒரு விஷயம்: முதல் நாளே "நான் உங்கள் பங்காளி வீட்டுப் பெண்" என்று போய் நிற்காதீர்கள். நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார்கள். சாமி கும்பிட வந்தேன் என்று சொல்லி, கும்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் அப்பா, தாத்தா, துறையூர் என்று ஒரே கோடாகப் போகிறது. அந்தக் குடியுரிமைச் சட்டமும் அப்படித்தான், அப்பன் வழியை மட்டும் கேட்டது. அப்பாயி எந்தத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர்? அவர் அம்மாவின் ஊர் எது? கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், ஆனால் பாட்டன் கட்டத்துக்குப் பக்கத்தில் பாட்டிக்குக் கட்டமே இல்லை. அப்பாயி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வாரமே பந்தலூர் பஸ் ஏறுங்கள், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு உட்காருங்கள். அவர் பிறந்த வீட்டுச் சாமி, அவர் கூடப் பிறந்தவர்கள் யார் யார் எந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்பதில் தொடங்குங்கள்.

அங்கே தங்கிவிட்ட சொந்தம் யாராவது கட்டாயம் இருப்பார்கள், வாட்ஸ்அப்பில் பிடித்துவிடலாம். அப்பா பிறந்த உத்தேச வருஷத்தையும் தோட்டத்துப் பெயரையும் கொடுத்து, பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டாலும் வருஷத்தை வைத்துத் தேடச் சொல்லிக் கேட்கலாம். பெயர் எழுத்தில் கிளார்க் விளையாடியிருப்பார், மாரியாயி மரியாயாகக்கூட இருக்கலாம், அதையும் சொல்லி வையுங்கள். நகல் வந்ததும் முழுத்தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல் பாதியை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய கட்டங்கள் கீழே இருக்கின்றன.