ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும் என்றால்? – வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: கைபேசி, இணையம், தொலைக்காட்சி, நாளிதழ், தபால், வானொலி. இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் போய்விடும் என்றால் நீங்கள் எதை வைத்துக்கொள்வீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: வானொலி. அதிலும் பண்பலை (எஃப்.எம்.) இல்லை, மத்திய அலை (எம்.டபிள்யூ.). இன்னும் குறிப்பாகக் கேட்டால் திருச்சி நிலையம், 936 கிலோஹெர்ட்ஸ்.

நான் வேதாரண்யத்துக்காரி. அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் தலைமேல்தான் கரையேறியது. விடிந்து கதவைத் திறந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. தென்னை ஒரு பக்கம், மின்கம்பம் ஒரு பக்கம், கம்பி எல்லாம் தரையில். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்பது பார்த்தவுடனே புரிந்துவிட்டது. கைபேசியில் சிக்னல் இல்லை. செல்போன் கோபுரத்துக்கு உள்ளே பேட்டரி உண்டு, அது சில மணி நேரம் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டர், அதற்கு டீசல் வேண்டும். டீசல் கொண்டுவர சாலை வேண்டும். சாலையில் புளியமரம் கிடக்கிறது. டி.வி., இணையம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேப்பர்க்காரத் தம்பி வருவதற்குப் பல நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் மாமனார் காலத்து டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. தோல் உறை போட்டது, பின்பக்க மூடி போய் ரப்பர் பேண்டு சுற்றியது. அதில் பேட்டரிக் கட்டை போட்டுத் திண்ணையில் வைத்து முள்ளைத் திருகினேன். கொஞ்சம் கரகரத்தது, பிறகு திருச்சி வந்துவிட்டது. சாலை வழியாகப் போனால் 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஊர். அங்கிருந்து ஒரு மனிதக் குரல், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், புயல் இப்போது எங்கே இருக்கிறது, எந்த மாவட்டத்துக்கு மழை, எந்தெந்த ஊரில் சேதம் என்று வாசித்துக்கொண்டு போகிறது. எங்கள் ஊர்ப் பெயரை அந்தக் குரல் சொன்னபோது திண்ணையில் நின்றிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாம் இப்படிக் கிடக்கிறோம் என்பது வெளியே தெரிந்திருக்கிறது என்று எங்களுக்கே அப்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா, "அப்ப யாராச்சும் வருவாங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சோறு, தண்ணீருக்கு முன்னால் எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தச் செய்திதான்.

ரீசார்ஜ் கேட்காது, கடவுச்சொல் கேட்காது, நீ யார் என்றும் கேட்காது. ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் நெரிசலில் நின்றுபோகாது. இதற்கு ஈடாக வேறொன்றை இதுவரை நான் பார்க்கவில்லை.

கேள்வி: புயல் கூண்டில் 10-ஆம் எண்தான் பெரும் அபாயம் என்கிறார்கள். அப்புறம் 11 எதற்கு? நாங்கள் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– மீனவ வாசகர், ஆறுகாட்டுத்துறை

பதில்: உங்கள் கேள்வி மன்னார்குடி வாசகியின் கேள்விக்கு இன்னொரு பதில் மாதிரி இருக்கிறது. 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதை 8-ம் 9-ம் சொல்லும். துறைமுகத்தின் மேலேயே அல்லது வெகு அருகில் கடந்தால் 10.

11 புயலின் வேகத்தைச் சொல்கிற எண்ணே இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வருகிறது என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்பதுதான் அதற்குப் பொருள். இந்த வரிசையை வகுத்தவர்கள் கடைசி எண்ணை காற்றுக்குக் கொடுக்காமல் செய்தி அறுந்த நிலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

படகில் போகும்போது சின்ன ரேடியோ ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டி எடுத்துப்போங்கள். கரையைவிட்டு எட்டப் போய்விட்டால் செல்போன் வெறும் டார்ச்லைட்தான். பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' என்று சமுதாய வானொலி 90.4-இல் நடக்கிறது. நம் கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். மனு எழுத நான் வருகிறேன்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். அங்கே வாட்ஸ்அப் அழைப்பு போகாது, வாய்ஸ் மெசேஜ்தான். ராத்திரி அவர் அனுப்புகிற வாய்ஸைக் கேட்காமல் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். உங்கள் ரேடியோ ஒருவழிப் பாதை. என் கணவர் சாப்பிட்டாரா என்று அது சொல்லுமா?
– வாசகி, முத்துப்பேட்டை

பதில்: சொல்லாதும்மா. உங்கள் வீட்டுக்கு வாட்ஸ்அப்தான் உயிர்நாடி. அதை நான் மறுக்கவே மாட்டேன். கஜா அன்றைக்கும் திண்ணையில் நின்றவர்களில் ஒரு தாய்க்கு, திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் "நாங்க உசுரோட இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. ரேடியோவால் அதைச் செய்ய முடியவில்லை. லாரியில் வெளியூர் போன ஒருவரிடம் நம்பரை எழுதிக்கொடுத்து, சிக்னல் கிடைக்கிற இடத்தில் அவர் பேசிச் சொன்ன பிறகுதான் அந்த அம்மா ஒரு வாய் சாப்பிட்டார்.

உங்கள் ஊரில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் முன்பு கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து டேப்ரிக்கார்டரில் கேட்பார்கள். பதிலுக்கு இங்கிருந்து ஒரு கேசட் போகும். குழந்தையின் முதல் பேச்சை அப்படிக் கேட்ட அப்பாக்கள் எத்தனையோ பேர். உங்கள் வாய்ஸ் மெசேஜ் அந்தக் கேசட்டின் வாரிசு. மாதக்கணக்கில் காத்திருந்தது போய் ஒரு நொடியில் வருகிறது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2021 அக்டோபர் 4 ராத்திரி உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றன. மூன்றும் ஒரே கம்பெனி; அவர்களுடைய வலையமைப்பு அமைப்புகளில் நேர்ந்த பிழை. அந்த மாதிரி ராத்திரிக்கு என்று கணவரிடம் பேசி, சாதாரண அழைப்புக்கு ஒரு நேரம், அவர் அறையில் இருக்கிற இன்னொருவரின் நம்பர், இரண்டையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். கைபேசிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில எங்கட பக்கம் கரண்ட் இல்லை, பற்றரியும் வர விடேல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோவைப் பூட்டித் தமிழோசை கேட்டனாங்கள். அக்கரையில உங்களுக்கு இது தெரியுமோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தெரியும் ஐயா. கோடியக்கரையிலிருந்து உங்கள் வடகரைக்குக் கடல் சுமார் 55 கிலோமீட்டர்தான். படகேறி வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1990-இலிருந்து மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கை மாற்றி ஒருவர் பெடல் சுற்றி, ராத்திரி ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து வரும் பி.பி.சி. தமிழோசையைப் பிடித்தார்கள் என்று.

அறிவியல் டீச்சர் என்பதால் இதை நான் சும்மா விட முடியாது. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட் மாறுமின்னோட்டம். அதை அப்படியே ரேடியோவுக்குக் கொடுத்தால் உறுமல்தான் வரும். நடுவே டயோடு போட்டு நேர்மின்னோட்டமாக்க வேண்டும். சுற்றுகிற கை தளர்ந்தால் குரலும் தளரும். செய்தி முடிகிற வரை ஒரே சீராகச் சுற்றப் பழகியவர்களுக்குத் தெரிந்த பௌதிகம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. உலகத்தில் இத்தனை பாடுபட்டுச் செய்தி கேட்ட மக்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றபோது முதலில் உங்களைத்தான் நினைத்தேன்.

நாங்களும் உங்களுக்குக் கடன்பட்டவர்கள்தான். ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த காலத்தில் எங்கள் கரை முழுக்கக் கேட்டது இலங்கை வானொலி. மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரல் கேட்காத டீக்கடை வேதாரண்யத்தில் கிடையாது. 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலி விவிதபாரதி என்ற பாட்டு ஒலிபரப்பைத் தொடங்கியதே அந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான்.

கேள்வி: டீச்சர், ராத்திரியில் மட்டும் எங்கள் ரேடியோவில் வேற மாநில ஸ்டேஷன் எல்லாம் கேட்கிறது. பகலில் இல்லை. ஏன்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தகட்டூர்

பதில்: நல்லா கவனிச்சிருக்கே தம்பி. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு உண்டு. மேலே போகிற மத்திய அலையைப் பகலில் அது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் மேலே போய், அங்கே இருக்கும் அடுத்த அடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்கும். பகலில் நீ கேட்பது தரையை ஒட்டியே வருகிற அலை. பண்பலைக்கு இந்த இரண்டு வழியும் கிடையாது. அது கண் பார்வை போல நேர்கோட்டில்தான் போகும். ராத்திரி பிடிக்கிற ஸ்டேஷன்களை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா. அடுத்த மாதம் அந்தப் பட்டியலை இங்கே போடுவோம்.

கேள்வி: 2013 ஜூலையில் தந்தி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்தார்கள். வானொலியும் அப்படியே போகட்டுமே, ஏன் இந்தப் பிடிவாதம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தந்தி போனபோது அதன் வேலையை எடுத்துக்கொள்ள எஸ்.எம்.எஸ். இருந்தது. பதிவுத் தபாலின் வேலையை விரைவுத் தபால் செய்கிறது. மத்திய அலையின் வேலையை எது எடுத்துக்கொள்ளப் போகிறது? பல இடங்களில் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பண்பலைக்கு மாறுங்கள், செயலியில் கேளுங்கள் என்கிறார்கள். செயலிக்கு இணையம் வேண்டும், இணையத்துக்குக் கோபுரம் வேண்டும். 2023-இல் நம் எல்லோர் கைபேசியும் திடீரென்று அலறி, அரசின் சோதனைச் செய்தி ஒன்று வந்ததே, அது அருமையான ஏற்பாடு. புயலுக்கு முந்தைய நாள் அது உயிர்களைக் காப்பாற்றும். புயலுக்கு மறுநாள் கோபுரமே சாய்ந்து கிடந்தால்?

நீங்கள் தஞ்சாவூர்க்காரர். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு 'ரேடியோ நெல்' தெரிந்திருக்கும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பான் ரகம் ஒன்றையும் நம் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து உண்டாக்கிய ஏ.டி.டி. 27. ஏறக்குறைய 105 நாளில் அறுவடை, குறுவைக்கு ஏற்றது. அறுபதுகளின் நடுவில் திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லச் சொல்ல, விவசாயிகள் கடையில் போய் "ரேடியோல சொன்ன நெல்லு குடுங்க" என்றார்கள். பெயர் நிலைத்துவிட்டது. விதைப்பு, உரம், பூச்சிமருந்து எல்லாமே வரப்பில் வைத்த டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதே நாளில், அதே அளவு போய்ச் சேர்ந்தது.

என் பிடிவாதம் இதுதான்: டெல்டாவுக்கும் கடற்கரைக்கும் வலுவான மத்திய அலை நிலையம் ஒன்றாவது எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். கேட்பவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது அதை மூடுவதற்குக் காரணம் ஆகாது. தீயணைப்பு வண்டியைத் தினமுமா கூப்பிடுகிறோம்?

கேள்வி: சரி, ஒரு ரேடியோ வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: முகப்பில் எம்.டபிள்யூ. அல்லது ஏ.எம். என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எஃப்.எம். மட்டும் இருக்கிற செட் வேண்டாம். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி மட்டும் உள்ளதையும் தவிர்த்துவிடுங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கிற செல் போட முடிய வேண்டும். கடையிலேயே பகல் நேரத்தில் 936-ஐப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கம்மியாகக் கேட்டால் ஆன்டெனாக் கம்பியை இழுத்துப் பயனில்லை, அது பண்பலைக்கு. மத்திய அலைக்கு உள்ளேயே ஃபெரைட் தண்டு ஒன்று இருக்கிறது. செட்டையே மெல்லத் திருப்புங்கள், ஒரு திசையில் கணீர் என்று வரும். வீட்டில் இரைச்சல் இருந்தால் பக்கத்திலிருக்கிற எல்.இ.டி. விளக்கையும் போன் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். கேட்காத நாளில் செல்லைக் கழற்றித் தனியே வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும். ஐப்பசி பிறக்கும்போது புதுச் செல் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.