சொந்த ஊரைப் புயல் தாக்கும்போது வெளிநாட்டில் இருந்தவர்கள் அந்த இரவை எப்படிக் கடந்தீர்கள்?

கேள்வியைப் பார்த்ததும் 2018 நவம்பர் 15 இரவுதான் நினைவுக்கு வந்தது. நீங்களும் இப்போது எங்கோ உட்கார்ந்து, வானிலை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். அப்போது சிங்கப்பூரில் கம்பெனி விடுதியில் இருந்தேன். அறையில் பன்னிரண்டு பேர். அதில் ஏழு பேர் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, முத்துப்பேட்டைக்காரர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காற்றுக்குள் இருந்தவர்கள் பட்டதற்கு முன்னால் நான் பட்டது ஒன்றுமே இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் கரையைக் கடக்கும் என்றார்கள். அப்புறம் நாகப்பட்டினம் என்றார்கள். அப்பா அசரவில்லை. "1952 புயலையே தாத்தா பாத்திருக்காரு, இது நாகப்பட்டினத்தோட போயிரும்" என்றார். இரவு பதினொன்றரைக்கு, இங்கே மணி இரண்டு, அம்மா பேசினார். பேச்சைவிட பின்னால் கொட்டகைத் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் அதிகம் கேட்டது. "அப்பா மாட்ட அவுத்துவிடப் போயிருக்காரு, இன்னும் வரல" என்றார். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

அப்பா கொட்டகையில் இருக்கிறார் என்ற இடத்திலேயே என் மனசு மூன்று நாள் நின்றது. வாட்ஸ்அப்பில் தங்கை கடைசியாக வந்தது 2.22 என்று காட்டியது, ஊரில் அப்போது 11.52. அந்த எண் மாறுகிறதா என்று எத்தனை நூறு முறை பார்த்திருப்பேன், தெரியாது. அறையில் யாரும் தூங்கவில்லை. ஆளுக்கொரு எண்ணைப் போட்டுக்கொண்டே இருந்தோம், யாருக்கும் கிடைக்கவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. விடிந்ததும் டிவியில் "புயல் கரையைக் கடந்தது" என்று போட்டார்கள். உடன் வேலை செய்த வெளிமாநில நண்பர்கள் "அதான் முடிஞ்சுதே" என்று ஆறுதல் சொன்னார்கள். கரையைக் கடப்பது என்றால் கடலுக்கு முடிந்தது என்றுதான் அர்த்தம். அதற்கப்புறம்தான் அது பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து திண்டுக்கல் வரை போனது. முன்னெச்சரிக்கை நன்றாக இருந்தது, எண்பதாயிரம் பேரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள் என்று அன்றைக்குப் பாராட்டிப் பேசினார்கள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த கிராமங்களிலிருந்து ஒரு படம்கூட வரவில்லை. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்து, டவரும் இல்லாமல் போனால் படம் எப்படி வரும்?

மூன்றாம் நாள் மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அம்மா. "எல்லாரும் இருக்கோம்ப்பா. மாடும் இருக்கு. தோப்புதான்..." என்றார், மேலே பேச வரவில்லை. போனை வாங்கியவர், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வேன் டிரைவர். "அண்ணே, அம்மா நல்லாத்தான் இருக்காங்க, அழுவுறாங்க, அப்புறம் பேசுங்க" என்றார். அவர் எண் இன்றும் என் போனில் "தண்ணி வேன்" என்று இருக்கிறது.

212 தென்னையில் நின்றது 31. அதிலும் சில மரங்கள் குருத்து திருகிப்போய், நாலைந்து மாதத்தில் தானாகக் காய்ந்து தலை விழுந்தன. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று நிவாரணம் அறிவித்தார்கள். நெட்டைத் தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அப்பாவுக்கு அப்போதே 63 வயது. "உயிர் பிழைச்சதே பெரிசு, மரம்தானே" என்று யாராவது எழுதினால், தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைத்தது. வாசலில் பையை வைப்பதற்குள் உறவுக்காரர் ஒருவர் கேட்டார்: "வா தம்பி, எப்பத் திரும்பப் போற?" இந்தக் கேள்வி புயலுக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவன் ஊருக்கு வந்தால் "நல்லா இருக்கியா" என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் இதே, சாவு வீட்டுக்குப் போனாலும் இதே. நாங்கள் எங்கள் வீட்டுக்கே விருந்தாளி என்று ஆகிவிட்டது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புயல் இன்னும் கடலில்தான் இருக்கிறது என்றால், இப்போதே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். போன்களை முழுக்க சார்ஜ் போட்டு, ஒன்றை மட்டும் அணைத்து பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போகுமுன் தொட்டியை நிரப்பிவிடட்டும். எங்கள் ஊரில் ஜெனரேட்டரை வண்டியில் வைத்து வந்துதான் வீடு வீடாகத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். புயல் பாதைக்கு வெளியே, வண்டி வைத்திருக்கிற ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். வழி திறந்ததும் முதலில் போய்ப் பார்த்துச் சொல்ல அவரால்தான் முடியும்.

அப்புறம், மாட்டை இருட்டுவதற்கு முன்னாலேயே அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.