தாழ்த்துவதற்கு முன்: கொயிலோவர், கேம்பர் பிளேட் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை அதிர்வை அடக்கும் சொக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த, உயரம் மாற்றக்கூடிய கொயிலோவர் சஸ்பென்சனைப் பற்றியவை என்பதால், அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பதிலளிக்கிறேன். சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தை எங்களூர்ப் பேச்சில் ‘கம்பர்’ என்றுதான் உச்சரிக்கிறோம். ஆனால் கம்பன் கழகம் இயங்கும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ‘கம்பர் உள்ளே சாய்ந்துவிட்டார்’ என்று எழுத மனம் வராததால், கேம்பர் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: எனது காரை 2 அங்குலம் தாழ்த்த விரும்புகிறேன். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா? (சுன்னாகம்)

2 அங்குலம் கண்ணுக்குச் சிறிதாகத் தெரிந்தாலும் சஸ்பென்சனுக்கு அது பெரிய அளவு. காருடன் வந்த சொக்கை வைத்துக்கொண்டு குட்டையான ஸ்பிரிங்கை மட்டும் போட்டால், சொக் அமுங்குவதற்கென இருந்த தூரத்தில் ஏறத்தாழ அந்த 2 அங்குலமும் கார் சும்மா நிற்கும்போதே செலவாகிவிடுகிறது. எஞ்சிய தூரம் ஒரு பள்ளத்தில் முடிந்துபோக, பம்ப் ஸ்டொப் எனப்படும் முட்டு இறப்பரின் மீது கார் வந்து இடிக்கும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் இல்லாத வண்டியைப் போலவே அது நடந்துகொள்ளும்.

கொயிலோவரிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஸ்பிரிங் அமரும் வளையத்தைத் திருகி மட்டுமே உயரத்தை மாற்ற முடியும். இரண்டாம் வகையில் சொக்கின் அடிப்பகுதியிலுள்ள தாங்கியே மரையில் ஏறி இறங்குவதால், பூட்டும்போதே ஸ்பிரிங் அமுக்கப்பட்டிருக்கும் அளவான முன்னழுத்தத்தையும் சொக்கின் ஓட்டத் தூரத்தையும் தொடாமல் உயரத்தை மாற்றலாம். தாழ்த்துவதே நோக்கமென்றால் இரண்டாம் வகையைத் தேடுங்கள். முதல் வகை தரக்குறைவானது என்று இதற்குப் பொருளில்லை. பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி14 அந்த வகையைச் சேர்ந்ததுதான், ஆயினும் அதன் சொக் அது இறங்கும் எல்லைக்கென்றே குட்டையாக்கி வடிவமைக்கப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் (சொக்கே சக்கரத்தை மேலிருந்து பிடித்து நிற்கும் அமைப்பு) உள்ள காரை அதிகமாகத் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழே காருடன் இணைக்கும் கீழ் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி சக்கரப் பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது காரின் எடை மையம் இறங்கியதைவிட அதன் உருள்மையம் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்குவதால், அதே ஸ்பிரிங்குடன் வளைவில் கார் முன்பைவிட அதிகமாகச் சாயும். வளைவில் சஸ்பென்சன் அமுங்கும்போது கூட வேண்டிய நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்வது) அந்த நிலையில் குறையத் தொடங்கும். ஆகவே எனது பரிந்துரை 25 மில்லிமீற்றர், அதிகம் போனால் 30.

கேள்வி: நண்பரின் சிவிக்கில் 10 கிலோ ஸ்பிரிங் இருக்கிறது. எனது இம்ப்ரெசாவுக்கு 6 கிலோ போதும் என்கிறார்கள். என்னை ஏமாற்றுகிறார்களா? (கோப்பாய்)

இல்லை. 10 கிலோ என்பது ஸ்பிரிங்கை 1 மில்லிமீற்றர் அமுக்கத் தேவையான சுமை. ஆனால் சக்கரம் உணரும் கடினம் அந்த எண் அன்று. பழைய ஈகே சிவிக்கின் முன்பக்கம், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு. அதில் சொக் கீழ் ஆர்மின் நடுவழியில் பூட்டப்பட்டிருப்பதால், சக்கரம் 10 மில்லிமீற்றர் எழும்பும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீற்றர் அளவே அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த விகிதத்தை இருமுறை பெருக்க வேண்டும்: 10 × 0.7 × 0.7 = 4.9 கிலோ. உங்கள் இம்ப்ரெசாவில் இருப்பது ஸ்ட்ரட். அதன் விகிதம் ஏறத்தாழ 0.95 என்பதால் 6 × 0.95 × 0.95 = 5.4 கிலோ. உண்மையில் உங்களுடைய காரே கடினமானது. இதைச் சொல்லி நண்பரை வருத்த வேண்டாம்.

கேள்வி: ஈகே சிவிக்கிற்கு எந்த நிறுவனத்தின் கேம்பர் பிளேட் நல்லது? (பருத்தித்துறை)

எதுவும் வேண்டாம். கேம்பர் பிளேட் என்பது சொக்கின் தலையை உள்ளேயும் வெளியேயும் நகர்த்த விடும் மேல் தாங்கி. ஸ்ட்ரட் உள்ள கார்களில் மட்டுமே சொக்கின் தலையை உள்ளே நகர்த்தினால் சக்கரம் சாயும். இரட்டை விஷ்போனில் சக்கரத்தின் சாய்வை மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் தீர்மானிப்பதால், நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்மே உங்களுக்குத் தேவை.

கேள்வி: கேம்பர் பிளேட் பூட்டி ஆறு மாதம்தான் ஆகிறது. முன்பக்கத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்கிறது. பிளேட் பழுதா? (ஊர்காவற்றுறை)

நீங்கள் நாள்தோறும் பண்ணைப் பாலத்தின் வழியே வருபவராக இருந்தால், எனக்கு வியப்பில்லை. சாதாரண மேல் மவுண்டில் சொக்கின் தலையை ஒரு தடித்த இறப்பர் தாங்குகிறது. கேம்பர் பிளேட்டில் அந்த இறப்பர் இருந்த இடத்தில் ‘பில்லோ போல்’ எனப்படும் உருக்குக் கோளம் ஒரு கிண்ணத்துக்குள் சுழல்கிறது. இறப்பர் நெகிழ்ந்து கொடுக்கும் இடத்தில் கோளம் நெகிழ்வதில்லை. ஆகவே ஸ்டியரிங் துல்லியமாகும், கூடவே வீதியின் ஒவ்வொரு கல்லும் காருக்குள் கேட்கும். கோளத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய படலம் தேய்ந்ததும் நீங்கள் சொல்லும் ஓசை பிறக்கிறது. இருபுறமும் கடலாக இருக்கும் பாதையின் உப்புக் காற்றும், குடாநாட்டின் செம்மண் புழுதியும் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன.

நானும் இதில் பட்டவன்தான். எனது காரில் சத்தம் கேட்ட காலத்தில் முழுத் தொகுதியும் போய்விட்டது என்று ஒரு கராஜில் சொன்னார்கள். வீட்டில் பொனற்றைத் திறந்து, ஒருவரைக் கொண்டு ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பச் செய்து, சொக்கின் உச்சி நட்டின் மீது விரலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நட்டு ஒரு மயிரிழை பக்கவாட்டில் துள்ளியது. கழற்றியபோது கோளத்தின் ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளக்க, மறுபக்கத்தில் கபில நிறத் துருப்பொடி அப்பியிருந்தது. கோளமும் கிண்ணமும் சேர்ந்த அந்தப் பெயரிங்கை மட்டும் அழுத்தி வெளியேற்றிப் புதியதைப் போட்டதும் சத்தம் நின்றது. தரமான பிளேட்களில் பெயரிங்கைத் தனியாக மாற்றலாம். வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொயிலோவரின் மரையில் கிறீஸ் பூசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கிறீஸும் எங்கள் மணலும் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். மாரி தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்ததும் ஒருமுறையும் மரையை நல்ல தண்ணீரில் கழுவி, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து, உலர்ந்த மசகைத் தெளித்துவிட்டால் போதும். இதைச் செய்யாதவர்களின் வளையங்களைக் கிரைண்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அன்றாடம் ஓடும் காருக்கு 1 பாகை அளவு கேம்பர்தான் கூட வேண்டுமென்றால், பல ஸ்ட்ரட் கார்களில் சொக், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுடன் சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டே அதைப் பெறலாம். இறப்பர் மவுண்ட் அப்படியே இருக்கும், சத்தமும் வராது.

கேள்வி: எனது கொயிலோவரில் 30 கிளிக் இருக்கிறது. எந்த எண்ணில் வைப்பது? (சாவகச்சேரி)

கிளிக் என்பது சொக்கின் கடினத்தை மாற்றும் குமிழின் ஒவ்வொரு படி. முதலில் அந்தக் குமிழை வலப்புறமாக மெதுவாகத் திருப்பிக் கடின எல்லைக்குக் கொண்டுபோங்கள். பலமாக இறுக்கினால் உள்ளிருக்கும் ஊசி வால்வு சேதமாகும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை, ஏனெனில் மென்மை எல்லையில் முடிவு தெளிவாகத் தெரிவதில்லை. 15 கிளிக் பின்னால் வந்து தொடங்குங்கள்.

அடுத்து, சொக்கின் பளபளப்பான தண்டில் ஒரு சிறிய கேபிள் டையை இறுகாமல் கட்டி, சொக்கின் உடலோடு ஒட்டும்வரை கீழே தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் வீதியில் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால், தண்டு உள்ளே போன தூரத்தை அந்த டை காட்டும். அது பம்ப் ஸ்டொப்பில் போய் ஒட்டியிருந்தால் கிளிக்கைக் கூட்டிப் பயனில்லை. கார் தாழ்ந்துவிட்டது அல்லது ஸ்பிரிங் மெலிது. தூரம் மீதமிருந்தும் மேடு தாண்டியபின் கார் இரண்டு முறை ஊஞ்சலாடினால் 2 கிளிக் கடினமாக்குங்கள். தொடர்ச்சியான சிறு குழிகளில் கார் எழும்ப முடியாமல் மேலும் மேலும் அமர்ந்துகொண்டே போனால் 2 கிளிக் தளர்த்துங்கள்.

ஒரே குமிழ் உள்ள பெரும்பாலான சொக்குகளில் அது முக்கியமாக மீள்விரிவைத்தான், அதாவது அமுங்கிய சொக் மீண்டும் விரியும் வேகத்தைத்தான் மாற்றும். கேடபிள்யூ நிறுவனத்தின் கொயிலோவர்களுள் வேரியன்ட் 1இல் குமிழே இல்லை, வேரியன்ட் 3இல் அமுக்கத்துக்கும் விரிவுக்கும் தனித்தனிக் குமிழ்கள் உண்டு. குமிழ் இல்லாத நல்ல சொக், 30 கிளிக் உள்ள சாதாரண சொக்கைவிட மேல் என்பது எனது கருத்து.

கேள்வி: 2 பாகை நெகட்டிவ் கேம்பர் வைத்தபின் முன் ரயர்களின் உள்விளிம்பு மூன்றே மாதத்தில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது. கட்டுகுருந்தைக் கார்ப் போட்டிக்குப் போகும்போது மட்டும் கேம்பரைக் கூட்டலாமா? (நல்லூர்)

கேம்பர் மட்டும் மூன்று மாதத்தில் ரயரைத் தின்னாது; உங்கள் டோ, அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், பிசகியிருக்கிறது. சொக்கின் தலையை உள்ளே தள்ளும்போது ஸ்டியரிங் ஆர்மும் சேர்ந்து நகர்வதால், கேம்பர் மாறிய ஒவ்வொரு தடவையும் டோவும் மாறும். ஒரு சக்கரம் நேர்ப்பாதையிலிருந்து கால் பாகை திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அது ஏறத்தாழ 4 மீற்றர் பக்கவாட்டில் உரசுகிறது. சாய்ந்து நிற்கும் ரயரில் அந்த உரசல் முழுவதும் உள்விளிம்பில் விழுகிறது.

போட்டிக்கென மாற்றுவது இயலும். வீதிக்கு 1 முதல் 1.5 பாகை, ஓடுபாதைக்கு 2.5 பாகை என இரு நிலைகளையும் அலைன்மென்ட் இயந்திரத்தில் வைத்து அளந்து, பிளேட்டில் இரு கோடுகள் கீறிக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலைக்கு, ஸ்டியரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் டை ரொட்டை எத்தனை சுற்றுத் திருப்ப வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துக்கொண்டால், போட்டித் திடலில் அதைத் திருப்பிவிடலாம். மறக்காமல் திரும்பி வரும்போது மீட்டுவிடுங்கள். இல்லையேல் கட்டுகுருந்தையிலிருந்து யாழ்ப்பாணம் வரையான தூரத்தில் ரயரின் உள்விளிம்பு வீணாகத் தேயும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து கழற்றிவந்த பாவித்த கொயிலோவர் வாங்கலாமா? (கொக்குவில்)

நான்கையும் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். தண்டின் குரோமில் நகத்தை ஓட்டுங்கள். ஓரிடத்தில் நகம் தட்டினால் சீல் நிலைக்காது. வாயு அழுத்தமுள்ள மொனோரியூப் (ஒற்றைக் குழாய்) சொக் என்றால், ஸ்பிரிங்கைக் கழற்றித் தண்டை அமுக்கி விட, அது தானாகவே சீராக வெளியே வர வேண்டும். நான்கில் ஒன்று வராமல் நின்றாலும் அந்தத் தொகுதியை வைத்துவிட்டு வாருங்கள்.