காமிக்ஸ் கேள்வி – பதில்: அட்டாலி மூட்டையும் பத்து சென்ட் சூப்பர்மேனும்

● வாசகி, கோபிசெட்டிபாளையம்: பழைய வீட்டை இடிக்கிறோமுங்க. அட்டாலியில (பரண்ல) அப்பா கட்டி வெச்சிருந்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் ஒரு சாக்கு நிறைய கிடைச்சுது. தாளெல்லாம் பழுப்பேறி, பின்னெல்லாம் துருப்பிடிச்சு, உள்ளே பூச்சி ஓடுது. நல்லா வெயில்ல காய வெச்சு, பைண்டிங் பண்ணிரலாமுங்களா?

இரண்டுமே வேண்டாம். அந்தக் காலத்து காமிக்ஸ்களெல்லாம் நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சானவை. மரக்கூழில் இருக்கும் லிக்னினை அந்தத் தாளில் முழுசாக நீக்கியிருக்க மாட்டார்கள். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாவது அதுதான். உச்சி வெயிலில் விரித்தால் அது இன்னும் வேகமாக நடக்கும், அட்டையில் இருக்கிற சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப்போகும். பைண்டரிடம் கொடுத்தால் மூன்று ஓரமும் வெட்டித்தான் சீராக்குவார். ஓரத்துப் பலூனில் பாதி வசனம் அதோடு போச்சு.

முதலில், மூட்டையை உங்கள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். திண்ணையில் நிழலாகப் பார்த்துப் பிரியுங்கள். ஒவ்வொரு இதழையும் லேசாக விரித்து நிறுத்தி, ஓரிரு நாள் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். பிறகு ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ் (புதுசு, மயிர் மெத்தென்று இருக்கட்டும்) எடுத்து, முதுகுப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தள்ளுங்கள். பூஞ்சணம் இருந்தால் மூக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் வைத்து இதே வேலை. ஈரத்துணியால் துடைக்கப் போனால் பூஞ்சணம் பரவும், மையும் ஈஷும்.

ஓடுவது பெரும்பாலும் ராமபாணப் பூச்சியாக இருக்கும். அதற்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை. நாலைந்து இதழ்களாக ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற ஃப்ரீசராக இருக்க வேண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது, முட்டைகள் தப்பித்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், எல்லோரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஒரு நாள் முழுக்க கவரோடு அப்படியே கிடக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் வெளிக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

பின்னில் லேசான துரு என்றால் தொடவே வேண்டாம். தாளைத் தின்கிற அளவுக்குப் போயிருந்தால், நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் காலுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, மழுங்கிய கத்தியால் கால்களை நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து நேராக இழுத்தால் வந்துவிடும். ஸ்டேப்ளர் பின் எடுக்கிற கிளிப் தாளையும் சேர்த்துக் கிழிக்கும். எடுத்த பிறகு அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து முடிச்சுப் போட்டால் போதும்.

கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். அப்புறம் எடுப்பது லேசில்லை. அமிலமில்லாத மெல்லிய டிஷ்யூ தாளும், கோதுமை மாவு ஸ்டார்ச்சில் காய்ச்சிய நீர்த்த பசையும்தான் சரி. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் மைதாப் பசை வேண்டாம். அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்திருப்பார்கள், அதிலிருக்கும் தாமிரம் தாளை அரிக்கும்.

பத்திரப்படுத்தக் கவருக்கு நம் ஊரில் பஞ்சமா? திருப்பூரில் பனியன் போட்டுக் கொடுக்கிற கண்ணாடிக் கவரே போதும். பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மூக்கருகே கொண்டுபோனால் பிளாஸ்டிக் நெடி அடிக்கிற பிவிசி ஆகாது. நாளடைவில் அது பிசுபிசுத்து, அட்டை மையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இதழின் அகலத்தைவிட அரை இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும். கவர் வாயில் கம் பட்டை இருந்தால் வெட்டி எறியுங்கள். இதழை வெளியே எடுக்கும்போது அட்டை அதில் ஒட்டினால் வண்ணத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். பின்னால் வைக்கும் அட்டையும் அமிலமில்லாததாக இருக்கட்டும். ஸ்வீட் பாக்ஸ் அட்டையை வெட்டி வைத்தால் அதுவே பழுப்பைக் கொடுக்கும்.

திரும்ப அட்டாலியில் மட்டும் ஏற்றாதீர்கள். ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் சித்திரை வெயில் என்ன பாடு படுத்தும் என்று கோபிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீரோவின் நடுத்தட்டில், சுவரை ஒட்டாமல், நிற்க வையுங்கள். பாச்சா உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் பதம் பார்க்கும், நம் நுரையீரலுக்கும் ஆகாது. காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைப்பதில் தப்பில்லை. பச்சை வேப்பிலை வைத்தால் ஈரத்தைக் கூட்டிக்கொண்டு வரும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து வாசகர்கள் ஆனி, ஆடிச் சாரலில் சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்க்கலாம். கரூர், ஈரோட்டு வறட்சிக்கு அது தேவையில்லை.

● வாசகர், கரூர்: ஸ்பைடர்மேன்தான் லயன் காமிக்ஸில் ஸ்பைடர் என்று வந்தார் என்கிறான் நண்பன். மாயாவி என்றால் இரும்புக்கையா, முகமூடியா என்றும் சண்டை. தீர்த்து வையுங்கள்.

நண்பர் தோற்றார். ஸ்பைடர்மேன் அமெரிக்கர், ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்து, 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழில் வந்தவர். நம் ஸ்பைடர் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த 'லயன்' வார இதழில் 1965-ல் பிறந்த கூர்க்காதுக்காரர். டெட் கோவன் தொடங்கிவைத்தார், ரெஜ் பன் வரைந்தார். அப்புறம் கதையைக் கையில் எடுத்தவர் ஜெர்ரி சீகல். ஆமாம், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்தான். ஸ்பைடர் ஆரம்பத்தில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டவர், நல்லவரானது பிற்பாடு. 1984-ல் சிவகாசியில் தொடங்கிய நம் லயன் காமிக்ஸ் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

மாயாவி விஷயத்தில் இருவர் சொல்வதும் சரி. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய 'ஸ்டீல் கிளா'. ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கைவண்ணம். கதைநாயகன் லூயிஸ் கிராண்டெல் மீது உயர் மின்னழுத்தம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ராணி காமிக்ஸின் மாயாவியோ லீ ஃபாக் 1936-ல் படைத்த முகமூடிக்காரர் ஃபேன்டம். முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு அவரே வேதாளர். பழைய இதழ் கேட்கும்போது எந்தக் காமிக்ஸின் மாயாவி என்று சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் பார்சலில் வேறு ஆள் வந்து இறங்குவார்.

இந்த பிரிட்டிஷ் கதைகளில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை நாயகன் சாகக் கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாராவாரம் அவ்வளவு பக்கம்தான் வெளிவந்தது. அடுத்த வாரமும் பையன்கள் காசு கொடுக்க வேண்டுமே!

● வாசகர், கோவை: 1938-ல் வந்த முதல் சூப்பர்மேன் புத்தகம், விலை 10 சென்ட் என்று அட்டையிலேயே இருக்கிறது என்று ஒருவர் விற்க வருகிறார். நம்பலாமா?

ஸ்கேலை எடுங்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில்தான் சூப்பர்மேன் அறிமுகமானார். அதன் அசல் சுமார் 7¾ இஞ்ச் அகலம், 10¼ இஞ்ச் உயரம். 1974-ல் சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனமே உள் விளம்பரங்கள் வரை அப்படியே 10-க்கு 13½ இஞ்ச் அளவில் மறுபதிப்பு போட்டது. அதற்கு மேலே இன்னொரு தடித்த அட்டை உண்டு. அதைக் கழற்றிவிட்டால் உள்ளே 10 சென்ட் விலையோடு 1938 அட்டை சிரிக்கும். அமெரிக்காவிலேயே இதில் ஏமாந்தவர்கள் உண்டு.

அளவு பொருந்தினாலும் நிற்காதீர்கள். பார்கோடு இருந்தால் அது 70-களின் நடுவிலோ அதற்குப் பின்போ வந்தது. உள்ளே வழவழப்பான வெள்ளைத் தாள் என்றால் பேச்சே வேண்டாம். பூதக்கண்ணாடியில் வண்ணத்தைப் பாருங்கள். அசலில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். அச்சானதை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்திருந்தால் புள்ளி மேல் புள்ளி விழுந்து அலையலையாகக் கோலம் தெரியும். முதல் பக்கங்களில் அடியில் இருக்கும் பொடி எழுத்துப் பதிப்புரிமை வரிகளையும் படியுங்கள். மறுபதிப்பு என்றால் பெரும்பாலும் அங்கே சொல்லியிருப்பார்கள். அந்த வரிகள் இருக்கும் மூலை மட்டும் கிழிந்திருந்தால் வந்த வழியே அனுப்பிவிடுங்கள். நல்ல நிலையிலிருந்த ஒரு அசல் பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது உங்கள் வாசற்படிக்கு ஸ்கூட்டரில் வராது.

இன்னொன்று. அட்டையில் ஜூன் என்றிருந்தாலும் அந்த இதழ் ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது. பழையது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத் தேதியைத் தள்ளிப் போடுவது அமெரிக்கப் பத்திரிகைகளின் வழக்கம்.

● வாசகி, நாமக்கல்: பழைய அமெரிக்க காமிக்ஸ் அட்டை மூலையில் தபால் தலை மாதிரி ஒரு முத்திரை இருக்கிறதே?

காமிக்ஸ் கோட். குழந்தைகளை காமிக்ஸ் கெடுக்கிறது என்று 1954-ல் அமெரிக்க செனட் துணைக்குழு விசாரிக்க, பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தாங்களே வைத்துக்கொண்ட தணிக்கை. முத்திரை இல்லாத இதழை விநியோகிக்கப் பலரும் மறுத்தார்கள். திகில் காமிக்ஸ்களில் பெரும்பாலானவை அதோடு படுத்தன. 1971-ல் போதைப்பொருள் கதையோடு வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 96 முதல் 98 வரை மூன்று இதழ்களில் இது இருக்காது, அதனால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2011-ல் முத்திரையே வழக்கொழிந்தது.

● வாசகர், திருப்பூர்: புது இதழ்களில் ஐந்தைந்து பிரதி வாங்கிப் பிரிக்காமல் வைத்தால் பின்னால் விலை ஏறுமுங்களா?

ஏறாது. 1991-ல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது; வாங்கிய பலர் உங்களைப் போலவே பிரிக்காமல் அடுக்கினார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்? 1992-ல் சூப்பர்மேன் இறக்கும் 75-ஆம் இதழைக் கறுப்புக் கவரில் போட்டு விற்றார்கள், அதுவும் இதே கதை. அந்தச் சூதாட்டம் சரிந்து, 1996 இறுதியில் 'எக்ஸ்-மென்' வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. 1938 இதழுக்கு விலை வந்ததே, அன்றைக்குப் படித்தவர்கள் கிழித்தும் எடைக்குப் போட்டும் தீர்த்துவிட்டதால்தான். ஒரு பிரதி வாங்கிப் படியுங்கள்; மிச்சக் காசை ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு எடுத்துப் போங்கள். கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் தேடுவதாக இருந்தால் விடுபட்ட இதழ்களின் எண்களைச் சட்டைப் பையில் எழுதி வைத்திருங்கள். ஒரே இதழை இரண்டாம் முறை வாங்குகிற கூத்து அங்கேதான் நடக்கும்.