மரத்தில் இழுத்த கோடு

கேள்வி: ஓர் ஆங்கிலேயர் புல்வெளியில் நடந்த தடத்தைப் படமெடுத்து வைத்தாராம், அது உலகப் புகழ்பெற்ற கலையாம். என் பாட்டி 40 ஆண்டுகள் பால்மரக் (ரப்பர்) காட்டில் நடந்தார். அதை யாரும் கலை என்று சொல்லவில்லையே? – கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, மகளே. ஆனாலும் அந்த மனிதர் எனக்குப் பிடித்தவர். ரிச்சர்ட் லாங், 1967-இல் லண்டனில் கலைக்கல்லூரி மாணவர். ரயிலேறிப் போய், வில்ட்ஷயரில் ஒரு புல்வெளியில் போவதும் வருவதுமாக நடந்தார். புல் படிந்து கோடு தெரிந்ததும் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். மண்ணைத் தோண்டவில்லை, எதையும் கட்டவில்லை.

நிலத்தில் கலை செய்த இன்னொருவர் ஆக்னஸ் டெனிஸ். அவர் 1982-இல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையத்துக்குத் தோண்டிய மண்ணைக் கொட்டிய நிலத்தில் 2 ஏக்கர் கோதுமை விளைவித்து அறுத்தார். தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவரும் நம் ஊரில் அந்தப் படங்களை அவசியம் பார்க்கவேண்டும்.

உங்கள் பாட்டியின் நடையைக் கலை என்று நான் சொல்லமாட்டேன். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அது விரும்பி நடந்த நடை அல்ல. ஆனால் அவருடைய கையை மறந்துவிட்டீர்களே! முந்தைய வெட்டை ஒட்டி, சரிவாக, மெல்லிசாகப் பட்டையைச் சீவவேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் இறங்காது. இதை அரை இருட்டில், நிரை நிரையாக, நூற்றுக்கணக்கான மரங்களில் செய்தவர் அவர்.

என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். அவருடைய நிரைகளில் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. கோயிலுக்குப் பின்னால் மட்டும் ஏழெட்டுப் பால்மரங்கள் மிச்சம். சென்ற ஆண்டு அவரை அங்கே அழைத்துப்போனேன். ஒரு மரத்தில் தாளைச் சுற்றி அடுப்புக்கரியால் தேய்த்தேன். ஆறிய காயங்கள் புடைப்புப் புடைப்பாகத் தாளில் விழுந்தன. அம்மா விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். “இது புதுக் கை. பயத்தில் அழுத்தியிருக்கிறாள்.” விரல் கீழே இறங்கியது. “இங்கே பழகிவிட்டாள்.”

அந்தத் தாள் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. உங்கள் ஊர்ப்பக்கம் பழைய மரங்கள் நின்றால், மறுநடவுக்கு முன் பாட்டியோடு போய்வாருங்கள். அவர் என்ன படித்துச் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.